ஒரகடத்து நாய்களுக்கு யார் பொறுப்பு?

அதிகாலையில் ஒரகடம் கூட்டுச்சாலையில் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கத் தொடங்கும்போது, ராத்திரி முழுக்க ஓரங்கட்டியிருந்த டிரெய்லர்களின் அடியிலிருந்து நாய்கள் ஒவ்வொன்றாக எழுந்து டீக்கடைப் பக்கம் வரும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் அது. இரண்டும் ஆறுவழிச் சாலைகள், நடுவில் தடுப்பு. பாதி தூரம் வந்துவிட்ட நாய்க்கு முன்னே போகவும் தெரியாது, திரும்பவும் தெரியாது. அடிபட்டு விழுந்த பிறகும் உயிர் மிச்சமிருந்தால் அதைத் தூக்கி ஓரத்தில் கிடத்துபவர் பெரும்பாலும் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருப்பார். அல்லது கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, அல்லது டீக்கடை நடத்தும் அம்மா. ஆட்டோவுக்கும் ஊசிக்கும் டிரிப்ஸுக்கும் அவர்கள்தான் பணம் போடுகிறார்கள். நாட்டின் பெரிய கார், லாரி, கைபேசி ஆலைகள் வரிசைகட்டி நிற்கும் ஒரு தடத்தில், ஆதரவற்ற விலங்குகளின் சிகிச்சை அங்கே மிகக் குறைவாகச் சம்பாதிப்பவர்களின் இரக்கத்தை நம்பி நடக்கிறது. இது நியாயமில்லை.

இந்த நாய்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், தடத்தின் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் காலூன்றியது. 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் மூடியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர், அடுத்த ஆண்டு ராயல் என்ஃபீல்டு. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், ஃபாக்ஸ்கான். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம், வல்லம் வடகால் என்று அரசின் சிப்காட் தொழிற்பூங்காக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வளர்ந்தன. ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் இவை. ஒவ்வொரு தெருவுக்கும் தெருநாய் இருந்தது என்றாலும் அதற்கு வீடும் இருந்தது. களத்திலும் வைக்கோல் போரடியிலும் படுத்துக்கொள்ளும், மிச்சக் கஞ்சி குடிக்கும், ஆட்டுப்பட்டியைக் காக்கும். யார் வீட்டு நாய் என்று கேட்டால் தெருவே பதில் சொல்லும். நிலம் கைமாறியது, மாடு விற்கப்பட்டது, களம் இருந்த இடத்தில் சுற்றுச்சுவர் எழுந்தது. நாய் மட்டும் அங்கேயே நின்றது.

பிறகு ஆட்கள் வந்தார்கள். தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பிகார், அசாமிலிருந்தும் இளைஞர்கள் வந்து லைன் வீடுகளில் ஐந்து பேர், ஆறு பேராகத் தங்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் கேன்டீன்கள், சாலையோர பிரியாணிக் கடைகள், கோழிக் கடைகள் பெருகின. மிச்சம் எல்லாம் குழியிலும் கால்வாயிலும் கொட்டப்பட்டது. சினைப்பட்ட நாய் ஏறக்குறைய 63 நாளில் குட்டி போடும், ஆண்டுக்கு இரண்டு முறைகூடப் போடும். கட்டடம் வராத மனைகளும் சாலைக்கடியில் போகும் சிமென்ட் குழாய்களும் அதற்குப் போதும். சாப்பாடும் மறைவிடமும் கிடைக்கும் இடத்தில் நாய்கள் பெருகுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இவ்வளவு உணவுக் கழிவை நாமே வெளியில் வைத்துவிட்டு, நாய்த் தொல்லை என்று ஊராட்சி மன்றத்தில் மனுக் கொடுக்கிறோம்.

இவற்றோடு கைவிடப்பட்டவையும் சேர்கின்றன. அப்ரன்டிஸாக வந்த பையன்கள் அறையில் ஒரு குட்டியை எடுத்து வளர்ப்பார்கள். வீடு விட்டு வந்த பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு ரயில் ஏறுவார்கள். நாயை ரயிலில் கொண்டுபோவது எளிதல்ல, அடுத்து வரும் வாடகைக்காரர் ஏற்கமாட்டார், ஹவுஸ் ஓனருக்கு ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை. பூட்டிய கதவின் முன்னால் நாள்கணக்கில் படுத்திருக்கும் அந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. நகரத்திலிருந்து காரில் கொண்டுவந்து நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடப்படும் சாதி நாய்களின் நிலை இதைவிட மோசம். கழுத்துப்பட்டையோடு திரியும் லேப்ரடார் ஒரு வாரத்தில் எலும்பாகிவிடும். வளர்ப்பு விலங்கைப் பட்டினிக்கு விட்டுவிட்டுப் போவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்தான். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய தொகை இன்னும் அப்படியே இருக்கிறது.

அடிபட்ட நாய்க்கு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் என்ன கிடைக்கும்? அரசுக் கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. அங்குள்ள மருத்துவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, அரசுத் திட்டங்களின் பட்டியல், இறந்த மாட்டுக்குச் சான்று என்று ஒரு மருத்துவரின் நாள் அதற்குள் முடிந்துவிடும். 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியும் முதலில் விவசாயியின் கால்நடைக்கானது. எலும்பு முறிந்த நாய்க்குப் படம் எடுத்துக் கம்பி வைக்க வேண்டுமானால் வேப்பேரிக்குத்தான் போக வேண்டும். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர், ஒரகடத்திலிருந்து இன்னும் அதிகம். ரத்தம் ஒழுகும் நாயைப் பேருந்தில் ஏற்றமாட்டார்கள், ஆட்டோக்காரர் தயங்குவார். ஒருவர் பைக் ஓட்ட, இன்னொருவர் கோணிப்பையில் சுற்றி மடியில் பிடித்துக்கொண்டு போவார். இருவருக்கும் அன்றைய சம்பளம் கிடையாது.

விபத்தாவது கண்ணுக்குத் தெரிகிறது. நோய் சத்தமில்லாமல் கொல்கிறது. தடுப்பூசி போடாத குட்டிகளைப் பார்வோ வைரஸ் தாக்கினால் ரத்தமாகக் கழியும். தொடர்ந்து சில நாள் டிரிப்ஸ் ஏற்றினால் பல குட்டிகள் பிழைக்கும், ஏற்றாவிட்டால் ஓரிரு நாளில் போய்விடும். பிறப்புறுப்பில் வரும் தொற்றுக் கட்டி கருத்தடை செய்யாத தெருநாய்களிடம் சாதாரணம். வாரம் ஒரு ஊசி வீதம் சில வாரம் போட்டால் பெரும்பாலும் கரைந்தே போகும், அதற்கு நாயை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உண்ணிக் காய்ச்சலுக்கு மாத்திரை இருக்கிறது. காயத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் தினமும் சுத்தம் செய்து மருந்திட வேண்டும்.

சொறி பிடித்த நாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முடி கொட்டிச் சாம்பல் நிறமான நாயைப் பார்த்தால், மெக்கானிக் கடையிலிருந்து கழிவு ஆயில் வாங்கி ஊற்றும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. வாகனத் தொழிலின் மடியில் இருக்கும் இந்தத் தடத்தில் கழிவு ஆயிலுக்குப் பஞ்சமே இல்லை. ஊற்றுபவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர், மருந்து என்று நம்பித்தான் ஊற்றுகிறார்கள். ஆனால் அது வெடித்த தோலைச் சுடுகிறது, நாய் நக்கும்போது வயிற்றுக்குள் போய் விஷமாகிறது. சொறிக்குக் காரணமான நுண்ணிய பூச்சியைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தரும் மலிவான ஊசியோ மாத்திரையோ சில வாரங்களில் ஒழித்துவிடும். அதைச் சொல்லவும் தரவும் பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே கணக்கற்ற நாய்களின் வேதனை தீரும். கழிவு ஆயிலை ஊற்றாதீர்கள் என்று ஒவ்வொரு ஒர்க் ஷாப் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

இவ்வளவும் சொல்லும்போது நாய்க்குப் பயந்து வாழ்பவர்களை மறந்துவிடக் கூடாது. 2024இல் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 4.8 லட்சம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். இவர்களைப் போலவே தடம் முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிப்டு முடிந்து இருட்டில் நடக்கிறார்கள். கூட்டமாகத் துரத்தும் நாய்களை நினைத்து அவர்கள் நடுங்குவது நியாயமான பயம். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு மருந்து இல்லை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், சொல்லும் தேதிகளில் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டால் உயிருக்கு ஆபத்து ஏறக்குறைய இல்லை. ஆனால் லீவு போட்டால் சம்பளம் வெட்டும் இடத்தில் வேலை செய்பவர் முதல் ஊசியோடு நிறுத்திவிடுகிறார். ஆலைகளின் மருத்துவ அறையிலேயே இந்த ஊசி இருக்க வேண்டும். ஊசி போட்டுக்கொள்ளப் போகும் நாள் சம்பளத்தோடு கூடிய நாளாக இருக்க வேண்டும்.

நாய்களின் மேல் அக்கறையும் மனிதரின் பாதுகாப்பும் இங்கே ஒரே வேலையில் வந்து சேர்கின்றன. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் ரேபிஸ் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருத்தடை செய்த நாய்கள் குட்டி காக்கும் வெறியிலும் இணைசேரும் காலச் சண்டையிலும் கடிப்பது குறைகிறது. இந்த வழி வெளியிலிருந்து வந்ததும் இல்லை. தெருநாய்களை மாநகராட்சி மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்த சென்னையில், 1964இலேயே கருத்தடையும் தடுப்பூசியும்தான் தீர்வு என்று செய்துகாட்டத் தொடங்கியது, கேப்டன் வி.சுந்தரம் நிறுவிய புளூ கிராஸ். மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 வரை ஆயிற்று. விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் போராடியவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியத்தின் தலைமையகம் 2018 வரை சென்னையில்தான் இருந்தது. சென்னையில் பிறந்த வழி, 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்பதுதான் வேதனை.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2023 மார்ச்சில் வந்த விலங்கு கருத்தடை விதிகள், தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை உள்ளாட்சியிடம் ஒப்படைக்கின்றன. கிராம ஊராட்சியும் அதில் அடங்கும். பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதும் விதி. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத்தின் எல்லாத் தெருநாய்களையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வெறிநோய் உள்ளவையும் ஆக்ரோஷமானவையும் தவிர மற்றவற்றைப் பழைய இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க உத்தரவிட்டது. அகற்றிய நாயை எங்கே வைப்பது? கூண்டும் அறுவை அரங்கும் இல்லாத ஒரு வட்டாரத்தில் அகற்றுவது என்றால் பக்கத்து ஊர் ஏரிக்கரையில் கொட்டுவது என்றுதான் முடியும். அங்கே ஏற்கெனவே இருக்கும் நாய்களோடு சண்டை, அங்கே புதிதாகக் கடி, இங்கே காலியான இடத்துக்குக் கருத்தடை செய்யாத வேறு நாய்கள். வளாகத்தைச் சுத்தமாக்குகிறோம் என்று வேன் வைத்து நாய்களை ஏற்றி அனுப்பும் நிறுவனங்கள் எதையும் தீர்ப்பதில்லை, சட்டத்தையும் மீறுகின்றன.

ஒரு தனி ஊராட்சியால் இதைச் செய்ய முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம், அறுவை அரங்கு, பயிற்சி பெற்ற மருத்துவர், நாயை அடிக்காமல் வலைபோட்டுப் பிடிக்கத் தெரிந்த ஆட்கள், அறுவைக்குப் பின் குறைந்தது நான்கு நாள் வைத்துப் பார்க்கக் கூண்டுகள் எல்லாம் வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் நல்ல எண்ணத்தோடு தொடங்கினாலும் நிற்காது. கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் இந்தப் பணியில் இறங்கினார்கள். வாரிய அங்கீகாரம் இல்லை என்ற காரணத்தால் 2021இல் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஆகவே ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் ஊராட்சி ஒன்றியங்களும் நகர உள்ளாட்சிகளும் சேர்ந்து, அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பின் கையில் ஒரே ஒரு பொது மையத்தை உருவாக்குவதுதான் நடக்கக்கூடிய வழி. இடம் சிப்காட் தரலாம். ஆலைகளுக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒதுக்கிய இடத்தில் இதற்கு ஓர் ஏக்கர் கிடைக்காமல் போகாது.

பணம்? அது இந்தத் தடத்திலேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வர்த்தகமோ உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எதற்குச் செலவிடலாம் என்று சொல்லும் ஏழாவது அட்டவணையில் 'விலங்கு நலன்' என்ற சொல்லே இருக்கிறது. பள்ளிக்கு வகுப்பறை, ஊருக்குக் குடிநீர் இயந்திரம், ஏரி தூர்வாருதல் என்று இந்த நிறுவனங்கள் செய்திருக்கும் நல்ல வேலைகள் பல. அந்த வரிசையில் விலங்குகளுக்கான ஒரு மையம் ஏன் வரக் கூடாது? அரசின் பங்கும் உண்டு. ஆதரவற்ற விலங்குகளைப் பராமரிக்கும் தொண்டு அமைப்புகளுக்காக 2022ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 20 கோடி ரூபாயில் வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. தொழில் வளர்ந்த ஊர்களுக்கு அந்தத் திட்டத்தில் முன்னுரிமை வேண்டும்.

முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் நீலகிரியைப் பார்க்கலாம். உலகக் கால்நடை சேவை அமைப்பின் பயிற்சி மையம் ஊட்டியில் இருக்கிறது. நாட்டின் பல பகுதியிலிருந்து வரும் கால்நடை மருத்துவர்கள் அங்கே கருத்தடை அறுவை கற்கிறார்கள், மலைக் கிராமங்களில் நாய்களுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. கோவா 2021இல் ரேபிஸ் கட்டுக்குள் வந்த மாநிலமாக அறிவித்துக்கொண்டது. பூடான் 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களுக்கு அறுவை செய்து, தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடை முடித்துவிட்டதாக 2023 அக்டோபரில் அறிவித்தது. ஒரு சிறிய மலைநாட்டால் முடிந்தது, இத்தனை ஆலைகள் உள்ள இரண்டு ஒன்றியங்களால் முடியாதா?

காப்பகம் கட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. பெரிய காப்பகங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். நெரிசலில் ஒரு குட்டிக்கு வந்த பார்வோ எல்லாக் குட்டிக்கும் வரும், ஆரோக்கியமாக நுழைந்த நாய் அங்கே நோயாளியாகும். தாயில்லாக் குட்டிக்கும், கட்டுப்போட்ட நாய்க்கும், தெரு பழகாத வளர்ப்பு நாய்க்கும் சில வாரங்கள் ஒரு வீடு கிடைப்பதுதான் உயிர் காக்கும் மருந்து. ஃபாஸ்டர் என்று நகரத்தில் சொல்லும் இந்தத் தற்காலிக வளர்ப்பு அடுக்குமாடிகளைவிட இந்த ஊர்களுக்குத்தான் பொருத்தம். கொல்லையும் திண்ணையும் உள்ள வீடுகள் மாத்தூரிலும் வைப்பூரிலும் இன்னும் இருக்கின்றன. ஆட்டுக்குட்டியைப் புட்டிப்பால் ஊட்டி வளர்த்துப் பழகிய பெண்கள் அங்கே இருக்கிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூலம் அவர்களுக்குக் கொஞ்சம் பயிற்சியும், தீவனச் செலவும், மாதம் ஒரு தொகையும் கொடுத்தால் மையத்தின் பாதிச் சுமை குறையும், அவர்களுக்கும் வருமானம். அறுவையை அங்கீகாரம் பெற்றவர்கள் செய்யட்டும், பராமரிப்பை ஊர்ப் பெண்கள் செய்யட்டும். குட்டி தேறியதும் தடுப்பூசி, கருத்தடை முடித்து நல்ல வீட்டுக்குக் கொடுக்கலாம். காசு கொடுத்து வெளிநாட்டுச் சாதி நாய் வாங்கி இந்த வெயிலில் வாட்டுவதைவிட, நம் நாட்டு நாய்க்குட்டி ஒன்றைத் தத்தெடுப்பது எவ்வளவோ மேல்.

மையம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. கேன்டீன் கழிவை மூடிய தொட்டியில் வைத்து அன்றன்றே அகற்ற வேண்டும். வளாகத்தைச் சுற்றியுள்ள நாய்களுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் தடுப்பூசி முகாம் நடத்த ஓர் ஆலைக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. உணவு வைக்கும் செக்யூரிட்டியை வேலையை விட்டு நிறுத்துவேன் என்று மிரட்டாமல், ஆள்நடமாட்டம் இல்லாத ஒரு மூலையைக் குறித்துக் கொடுங்கள். விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. அந்த நாய்களை அருகில் போய்த் தொடக்கூடியவர் அவர் ஒருவர்தான், தடுப்பூசி போட வருபவருக்கு அவர் உதவிதான் வேண்டும். கட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. மாணவர்களை வார இறுதியில் சுங்குவார்சத்திரம், படப்பை சந்தைகளுக்கு அனுப்பி ஒரு வெளிநோயாளர் முகாம் நடத்தலாம். பூனை, கழுதை, பால் வற்றியதும் சாலையில் விடப்பட்ட மாடு எல்லாவற்றுக்கும் அது உதவும்.

வாடகை அறையில் நாய் வளர்க்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. எடுக்கும் முன்பே, ஒப்பந்தம் முடிந்தால் இது எங்கே போகும் என்று யோசியுங்கள். எடுத்துவிட்டீர்கள் என்றால் மூன்று மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி போடுங்கள், கருத்தடை செய்யுங்கள், ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வேறு வீடு தேடுங்கள். கதவைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்புக் குழுக்கள் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான திட்டத்தை அதற்கு முந்தைய மாதங்களில் முடிவு செய்கின்றன. இருங்காட்டுக்கோட்டை முதல் வல்லம் வடகால் வரை உள்ள ஆலைகளின் நிர்வாகிகளே, அந்தத் திட்டத்தில் விலங்கு நலனுக்கென ஒரு வரி சேருங்கள். தொழிற்சங்கங்கள் அதைக் கேட்டு எழுதட்டும். மாவட்ட ஆட்சியர் நிறுவனங்களையும் ஊராட்சித் தலைவர்களையும் கால்நடைத் துறையையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, எந்த இடத்தில் மையம், யார் நடத்துவது, எந்தத் தேதியில் திறப்பது என்று முடிவு செய்து அறிவிக்கட்டும்.